முதல் நாவலுக்குப் பணம் கேட்கும் பதிப்பகம்

வணக்கம். 300 பக்க முதல் நாவலை வெளியிட 60,000 ரூபாய் கேட்கும் பதிப்பகத்திற்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தத் தொகையில், ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று தனிக் கட்டணம் சேர்க்கப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே வழங்குகிறது என்பதால், மற்றக் கணக்குகளையும் சற்று ஐயத்தோடுதான் பார்க்கத் தோன்றுகிறது.

அதைவிட முக்கியமானது ஒப்பந்தம். காலவரையறை எழுதப்படாமல் உரிமையை மாற்றிக் கொடுத்தால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டுகளுக்கு என்றே கொள்ளும். ஆனால் 'முழு உரிமையும் நிரந்தரமாகப் பதிப்பகத்திற்கே' என்று ஒரு வரி இருந்து, அதில் நீங்கள் கையெழுத்திட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளைத் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். எத்தனை படிகள் அச்சாகும், விற்பனைக் கணக்கு எப்போது வரும் என்பவையும் எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

தமிழில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்திற்கும் இடையே முகவர் இருப்பது அரிது என்பதால் மற்றப் பதிப்பகங்களுக்கு உங்கள் நாவலை நீங்களே நேரடியாக அனுப்பலாம். ஜனவரியையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் பதிப்பகங்கள் அச்சு வேலையில் மூழ்கியிருக்கும். காட்சி முடிந்த பிறகு, கதைச்சுருக்கத்தோடும் முதல் சில அத்தியாயங்களோடும், உங்கள் நாவலைப் போன்றவற்றை ஏற்கெனவே வெளியிட்டிருக்கும் பதிப்பகங்களுக்கு எழுதுங்கள்.