318ஐஎஸ் வாங்கலாமா? நான்கு சிலிண்டரைப் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். வார இறுதிகளில் ஓட்டுவதற்காகப் பழைய பி.எம்.டபிள்யூ இ30 (1980களின் 3 சீரிஸ் கார்) ஒன்று வாங்க விரும்புகிறேன். 1990ஆம் ஆண்டின் 318ஐஎஸ் ஒன்றும் 1988ஆம் ஆண்டின் 325ஐ ஒன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டும் இரண்டு கதவு வண்டிகள், கியரும் கையால் மாற்றுவதே. என் மைத்துனரோ, "ஆறு சிலிண்டர் இல்லாத பி.எம்.டபிள்யூ காய்கறி வாங்கிவரத்தான் லாயக்கு" என்கிறார். பெரும்பாலும் மலைப்பாங்கான கிராமச் சாலைகளில்தான் ஓட்டுவேன். சிறு பராமரிப்பு வேலைகளை நானே செய்துகொள்வேன். நான்கு சிலிண்டர் என்பது உண்மையிலேயே ஒரு குறைதானா?

பதில்: நீங்கள் சொல்லியிருக்கும் சாலைகளுக்கும் பழக்கத்துக்கும் 318ஐஎஸ்தான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் அதை வாங்கும் முன் எஞ்சினில் மூன்று இடங்களைப் பார்த்தாக வேண்டும். அவற்றைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் மைத்துனரின் பேச்சிலும் பாதி உண்மை இருப்பதால், அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர்களில் இரண்டு பிஸ்டன்கள் மேலே ஏறும்போது மற்ற இரண்டும் கீழே இறங்குவதால், ஒன்றின் உதறலை மற்றொன்று சரிக்கட்டிவிடும் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். முழுதாகச் சரிக்கட்டுவதில்லை. 318ஐஎஸ்ஸின் எம்42 எஞ்சினில் பிஸ்டன் ஓடும் நீளம் 81 மி.மீ. உச்சியில் இருக்கும் பிஸ்டன், அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான க்ராங்க் கால் சுற்றுச் சுற்றி முடிக்கும்போது பாதி வழியில், அதாவது 40.5 மி.மீட்டரில், இருக்க வேண்டும் அல்லவா? பிஸ்டனை க்ராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து நிற்பதன் விளைவாக அது அதற்குள் 45 மி.மீட்டரைத் தாண்டியிருக்கும். அதே நேரத்தில் அடியிலிருந்து கிளம்பிய பிஸ்டனோ பாதி வழிக்குக்கூட வந்திருக்காது. இந்த ஏற்றத்தாழ்வால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை, செங்குத்தாக ஓர் உதறல் மிஞ்சுகிறது. வேகம் இரட்டித்தால் இந்த உதறல் நான்கு மடங்காகும். பிஸ்டனின் எடையும் ஓடும் நீளமும் கூடக்கூட அதுவும் கூடும். வரிசை ஆறு சிலிண்டரில் 120 பாகை இடைவெளியில் பிஸ்டன்கள் இணை இணையாக அமைந்திருப்பதால், இந்த இரண்டாம் நிலை உதறலும் தானாகவே அடங்கிவிடுகிறது. 325ஐ வண்டியின் எம்20 எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது ஸ்டீயரிங்கில் கை வைத்துப் பார்த்தால், மைத்துனர் எதைச் சொல்கிறார் என்பது உங்களுக்கே புரியும்.

நெடுஞ்சாலையில் இது எப்படித் தெரியும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 318ஐஎஸ்ஸின் டிஃபரன்ஷியல் விகிதம் (கியர் பெட்டியைத் தாண்டி, சக்கரங்களுக்கு முன் வரும் கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.10, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்திய 325ஐக்கு 3.73. இரண்டிலும் ஐந்தாவது கியர் 0.81தான். 14 அங்குலச் சக்கரத்தில் 195/65 டயர் போட்டு மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் போனால், நான்கு சிலிண்டர் ஏறத்தாழ 3,800 சுற்றிலும் ஆறு சிலிண்டர் ஏறத்தாழ 3,500 சுற்றிலும் ஓடும். 3,800 சுற்று என்றால் விநாடிக்குச் சுமார் 127 முறை அந்த உதறல் வண்டியின் தளத்தை வந்து தட்டுகிறது. காதுக்கு அது ஒரு தாழ்ந்த ரீங்காரமாகக் கேட்கும். அரைமணி நேரத்துக்கு அது பொருட்டே அல்ல. ஹம்பர்க்கிலிருந்து மூனிக் வரை ஒரே மூச்சில் போகிறவருக்கு அது பொருட்டுதான். நீங்கள் அப்படிப் போகிறவராக இருந்தால், இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிட்டு 325ஐக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்.

இனி, மைத்துனர் பார்க்கத் தவறிய பாதி. காகிதத்தில் 318ஐஎஸ்ஸுக்கு 1,796 சி.சி., 136 குதிரைத்திறன், 4,600 சுற்றில் 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கன்வர்ட்டர் பொருத்திய 325ஐக்கு 2,494 சி.சி., 170 குதிரைத்திறன், 4,300 சுற்றில் 222 நியூட்டன் மீட்டர். முறுக்குவிசையில் சின்னது ஏறத்தாழ 22 சதவீதம் பின்தங்கியிருக்கிறது. ஆனால் சாலையைத் தள்ளுவது எஞ்சின் அல்ல, சக்கரம். இரண்டு வண்டிகளிலும் நான்காவது கியர் ஒன்றுக்கு ஒன்று என்பதால், அந்தக் கியரில் முறுக்குவிசையை டிஃபரன்ஷியல் விகிதத்தால் பெருக்கினால் போதும்: ஒன்றுக்கு 705, மற்றொன்றுக்கு 828. பின்னடைவு 15 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அதோடு, நான்கு சிலிண்டர் வண்டி குறைந்தது 50 கிலோவாவது இலகுவானது. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டும் பந்தயத்தில் 325ஐ இன்னமும் தெளிவாக முந்தும். அதில் வாதத்துக்கு இடமில்லை. இலக்கங்களைப் பார்த்துப் பயப்படும் அளவுக்கு இடைவெளி இல்லை என்பதே நான் சொல்ல வருவது.

குறையும் அந்த எடை எங்கிருந்து குறைகிறது என்பதுதான் மலைச்சாலையில் விளையாடும். ஆறு சிலிண்டரில் கூடுதலாக இருக்கும் இரும்பில் பெரும்பகுதி வண்டியின் மூக்கில், முன் அச்சுக்கு மேலும் அதற்கு முன்னாலும்தான் உட்கார்ந்திருக்கிறது. வளைவுக்கு முன் பிரேக்கை விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பும் அந்த அரை விநாடியில், 325ஐயின் மூக்கு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும், 318ஐஎஸ் யோசிப்பதில்லை. கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் சாலையில், குறையும் 34 குதிரைகளை விட இந்தத் தயக்கமின்மையே ஓட்டுபவருக்குப் பெரிதாகத் தெரியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சுற்றுமானியின் முள்ளை 4,000க்கு மேலேயே வைத்திருக்கத் தெரிய வேண்டும். எம்42 ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு, அவற்றைத் திறக்க மேலே இரண்டு கேம்ஷாஃப்ட் கொண்ட எஞ்சின். சுற்று ஏற ஏறத்தான் அது மூச்சு விடும். 2,000 சுற்றில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டு எதுவும் நடக்கவில்லையே என்று நொந்துகொள்பவருக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும்.

நான்கு சிலிண்டர் பி.எம்.டபிள்யூவில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்பதற்கு வரலாறே சாட்சி. 1960களில் அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய 1500 செடானில் இருந்தது அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹௌசன் வடிவமைத்த நான்கு சிலிண்டர் எஞ்சின்தான். பின்னாளில் இரண்டு லிட்டர் வரை பெருக்க இடம் வைத்தே அவர் அதைக் கட்டினார். எம்10 என்று பெயர் பெற்ற அந்தக் குடும்பத்தின் பிளாக்கை அடிப்படையாகக் கொண்டு உருவான 1.5 லிட்டர் டர்போ எஞ்சினோடுதான் நெல்சன் பிக்கே 1983இல் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றார். உங்கள் இ30 குடும்பத்திலேயே எல்லாவற்றுக்கும் மேல்படியில் நிற்கும் எம்3க்கு நான்கு சிலிண்டர்தான். கையில் 325ஐயின் ஆறு சிலிண்டர் தயாராக இருந்தும் பி.எம்.டபிள்யூவின் எஞ்சின் வடிவமைப்பாளர் பால் ரோஷே அதைத் தொடவில்லை. எம்1 காருக்கான 24 வால்வு, ஆறு சிலிண்டர் எஞ்சினின் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் உட்காரும் பகுதியில்) இரண்டு சிலிண்டர்களின் அளவை வெட்டி நீக்கி, நான்கு சிலிண்டர் பிளாக்கின் மேல் ஏற்றி, இரண்டே வாரத்தில் எஸ்14 எஞ்சினின் முதல் வடிவத்தை ஓட்டிக் காட்டினார். நீண்ட க்ராங்க் அதிவேகத்தில் துணி பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும். குட்டையான க்ராங்க் விறைப்பாக நிற்பதால் பந்தயச் சுற்றுகளைத் தாங்கும். 2.3 லிட்டரில், கன்வர்ட்டர் இல்லாமல், 200 குதிரைத்திறன் கிடைத்தது. ரொபெர்த்தோ ரவாலியா 1987இல் உலக டூரிங் கார் பந்தயப் பட்டத்தை வென்றதும் அந்த வண்டியில்தான்.

ஆனால் இந்தப் பெருமையைக் காட்டி 318ஐஎஸ்ஸைக் 'குட்டி எம்3' என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். எம்42க்கும் எஸ்14க்கும் சிலிண்டர் எண்ணிக்கையைத் தவிரப் பெரிய உறவு எதுவும் இல்லை. அந்த உறவை உண்மையாகவே கொண்டாடக்கூடியது 320ஐஎஸ் என்ற அபூர்வம். இரண்டு லிட்டரைத் தாண்டினால் வரி எகிறும் இத்தாலிக்காகவும் போர்ச்சுகலுக்காகவும் எஸ்14ஐ 1,990 சி.சி.க்குச் சுருக்கி, சாதாரண உடலில், நான்கு கதவுகளோடும்கூட விற்றார்கள். அது கண்ணில் பட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

வரி என்றதும் உங்கள் ஊர்க் கணக்கு நினைவுக்கு வருகிறது. முப்பது வயது கடந்த வண்டிக்குப் பழம்பெரும் வண்டிகளுக்கான எச் எண்தகடு வாங்கினால், எஞ்சின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஆண்டுக்கு 191.73 யூரோதான். இதைக் கேட்டதும் பலரும் உடனே எச் தகட்டுக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் பதிவுப் புத்தகத்தில் வண்டியின் புகைத் தரம் என்ன என்று பாருங்கள். யூரோ 1 என்றால் ஒவ்வொரு 100 சி.சி.க்கும் 15.13 யூரோ வீதம் 318ஐஎஸ்ஸுக்கு 272 யூரோவும் 325ஐக்கு 378 யூரோவும் வரும். அப்போது எச் தகடு லாபம். முந்தைய உரிமையாளர் யாராவது யூரோ 2 தரத்துக்கு மாற்றியிருந்தால் வீதம் 7.36 யூரோ, 318ஐஎஸ்ஸுக்கு 132 யூரோவும் சில்லறையும், 325ஐக்கு 184 யூரோ. எச் தகடு இல்லாமலேயே இரண்டும் மலிவு. ஆகவே வரியை வைத்து எஞ்சினைத் தேர்வு செய்யாதீர்கள். வித்தியாசம் ஒரு டேங்க் பெட்ரோலைச் சுற்றித்தான் நிற்கும்.

இப்போது அந்த மூன்று இடங்கள். எம்42இல் க்ராங்கிலிருந்து கேம்ஷாஃப்ட்டுகளை ஓட்டுவது டைமிங் செயின், பெல்ட் இல்லை. வால்வு இடைவெளியை ஹைட்ராலிக் டப்பெட்டுகள் தாமே பார்த்துக்கொள்கின்றன. பராமரிப்பே தேவையில்லாத எஞ்சின் என்ற பெயர் அதனால் வந்தது. பெயர்தான், உண்மை வேறு. செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் பட்டைகளும் இடையில் இருக்கும் பல்சக்கரமும் தேய்கின்றன. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் முதல் சில விநாடி டப்பெட் டிக்டிக் என்பது இயல்பு. முன்பக்கத்திலிருந்து சங்கிலியைத் தகரத்தில் இழுப்பது போன்ற சத்தம் தொடர்ந்தால் அது இயல்பல்ல. இரண்டாவது, எஞ்சினின் முன்முகத்தில், தெர்மோஸ்டாட் பொருந்தியிருக்கும் மேல் மூடிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே ஓடும் வடிவ ரப்பர் கேஸ்கெட். ரப்பர் வயதாகி இறுகியதும் அங்கே கூலன்ட் கசியும். கசிவு சொட்டாகத் தெரியாமல் சூட்டில் உலர்ந்துவிடுவதால், டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இணைப்பின் ஓரத்தில் வெளிறிய உப்புப் படிவு மட்டும் கோடுபோல நிற்கும். கேஸ்கெட் மலிவான பொருள். அதை மாற்ற மேல் மூடியைக் கழற்றும் கூலிதான் செலவு. எப்படியும் கழற்றப்போவதால் செயினின் வழிகாட்டிகளையும் அப்போதே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவதுதான் எஞ்சினையே கொல்லக்கூடியது. எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. மேல் பகுதியைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஆண்டுக்கணக்கான அதிர்வில் தளர்ந்துவிடுகின்றன. முன்னே சொன்ன அதே இரண்டாம் நிலை உதறலுக்கு இங்கேயும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். போல்ட் தளர்ந்தால் எண்ணெய் உறிஞ்சும் வழியில் காற்று புகுந்து அழுத்தம் விழும். கீழ்ச் சம்ப்பை இறக்கும்போது உள்ளே ஒன்றிரண்டு போல்ட்டுகள் எண்ணெயில் மூழ்கிக் கிடப்பதைப் பல மெக்கானிக்குகள் பார்த்திருக்கிறார்கள். சரிசெய்வதோ எளிது: கீழ்ச் சம்ப்பைக் கழற்றி, போல்ட்டுகளைத் துடைத்து, மரைப் பசை இட்டு முடுக்கி, புதுக் கேஸ்கெட் வைத்து மூட வேண்டும். நீங்களே செய்யக்கூடிய ஒரு சனிக்கிழமை வேலை. விற்பவர் அதற்கான ரசீதைக் காட்டினால் சரி. இல்லையென்றால் வாங்கிய முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

325ஐயிலும் சும்மா இருக்க முடியாது. அதன் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் நான்கு ஆண்டுக்கொரு முறை பெல்ட்டையும் டென்ஷனரையும், கூடவே வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிடுவதே வழக்கம். வால்வு இடைவெளியை, குளிர்ந்த நிலையில் 0.25 மி.மீ., கையால்தான் வைக்க வேண்டும். கூலன்ட் குறைந்து சூடேறினால் அதன் நீண்ட ஹெட் விரிசல் காணக்கூடும். இவை எல்லாம் தெரிந்த வேலைகள், எந்தப் பழைய மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். எம்42இன் வேலைகளை அறிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை என்பது நான்கு சிலிண்டருக்கு எதிராக நான் ஒப்புக்கொள்ளும் உண்மையான குறை.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில், முதலில் 325ஐ, பிறகு 318ஐஎஸ் என்ற வரிசையில் ஓட்டிப் பாருங்கள். வரிசையை மாற்றினால் ஆறு சிலிண்டரின் வழவழப்பு கடைசி நினைவாகத் தங்கி, முடிவைக் கெடுத்துவிடும். இரண்டிலும் மூன்றாவது கியரில் 2,500லிருந்து 6,000 வரை ஒரு முறையாவது முழுதாக இழுத்துப் பாருங்கள். அந்த இழுவையின் முதல் பாதி உங்களுக்குப் பிடித்திருந்தால் 325ஐ, இரண்டாம் பாதி பிடித்திருந்தால் 318ஐஎஸ். 325ஐயின் உடலில் துரு இல்லாமலும் 318ஐஎஸ்ஸின் ஜாக் வைக்கும் இடங்களும் பின்சக்கர வளைவுகளும் அரித்துப் போயும் இருந்தால், நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டு 325ஐயை எடுங்கள். எஞ்சினைத் திருத்தும் செலவில் துருவைத் திருத்த முடியாது. போவதற்கு முந்தைய நாள் விற்பவருக்குத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் வந்து சேரும்வரை எஞ்சினைக் கிளப்பவே வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் முதலில் பானட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்க இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.