நெடும்பயணத்தில் தலைக்கவசத்தை எங்கே வைப்பது? – கேள்வி பதில்

நெடுந்தொலைவு மோட்டார் சைக்கிள் பயணம் செல்வோர், வண்டியை நிறுத்தி இறங்கியபின் தலைக்கவசத்தை எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெட்டி பொருத்துவதும் பூட்டு அமைப்பதும் என் தொழில் என்பதால் அவை பற்றி விரிவாகவும், மற்றவை பற்றிச் சுருக்கமாகவும் பதில் இருக்கும்.

கேள்வி (திருச்சி): நானும் மனைவியும் கிளாசிக் 350 வண்டியில் மலைப்பயணம் செல்கிறோம். இரண்டும் முழுமுக ஹெல்மெட். வண்டியின் பின்னால் பொருத்தும் டாப் பாக்ஸ் எத்தனை லிட்டரில் வாங்க வேண்டும்?

பதில்: 45 லிட்டருக்குக் குறைவான பெட்டியில் இரண்டு முழுமுகத் தலைக்கவசங்கள் அடங்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். 45 லிட்டர் என்று எழுதியிருந்தாலும், பெட்டியின் மூலைகள் சரிந்திருந்தாலோ மூடி தட்டையாக இருந்தாலோ இரண்டாவது கவசம் உள்ளே போகாது. ஆகவே உங்கள் கவசங்களைக் கடைக்கே எடுத்துச் சென்று, இரண்டையும் உள்ளே வைத்து, மூடியை அழுத்தாமல் மூடிப் பாருங்கள். அழுத்தி மூடினால்தான் பூட்டு விழுகிறது என்றால், அந்த அழுத்தத்தை வைசரும் (முகத்தை மறைக்கும் ஒளிபுகு தகடு) அதன் திருகுகளும் பயணம் முழுவதும் தாங்க நேரிடும்.

வாங்கிய பிறகு பலரும் சந்திக்கும் சிக்கல் வேறு. ஓட்டும்போது கவசம் தலையில் இருப்பதால் பெட்டி காலியாகத் தோன்றும். அதில் துணி, பால் டப்பா, கருவிகள் என்று நிரப்பிவிடுவோம். ஊர் போய்ச் சேர்ந்து கவசத்தைக் கழற்றினால் வைக்க இடம் இருக்காது. இறங்கியதும் கையோடு எடுத்துச் செல்லும் பையை மட்டும் அந்தப் பெட்டியில் வைத்தால் இந்தச் சிக்கல் எழாது. செயின் ஸ்ப்ரே, பெட்ரோல் கேன், பெயின்ட் தின்னர் ஆகியவற்றைக் கவசத்துடன் ஒரே பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள். கவசத்தின் உள்ளே அடியைத் தாங்குவது தெர்மாகோல் வகையைச் சேர்ந்த நுரைதான். பெட்ரோலும் தின்னரும் பட்டால் அது கரையும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வெளி ஓடும் அவற்றால் நுண்ணிய விரிசல் காணும். பெட்டியின் எடை வரம்பையும் மீறாதீர்கள். பின் அச்சுக்கும் பின்னால் ஏறும் பாரம் முன்சக்கரத்தை இலேசாக்குவதால், வேகத்தில் ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும்.

கேள்வி (நாமக்கல்): பெட்டி பொருத்தும் எண்ணம் இல்லை. கேபிள் பூட்டு போதுமா? வண்டியின் சீட்டுக்கு அடியில் கொக்கியும் இருக்கிறது.

பதில்: தேநீர்க் கடையில் வண்டி கண்ணில் படும்படி நிற்கும்வரை அந்தக் கொக்கி போதும். கண் மறைந்தால் போதாது. கொக்கியில் நாம் மாட்டுவது தாடைப் பட்டையின் வளையத்தைத்தான். பட்டை வெறும் நெய்த துணி என்பதால் ஒரு பேனாக்கத்தியால் அறுத்துவிடலாம். அறுத்த பட்டையைத் தைத்து அணியலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். விபத்தின்போது கவசத்தைத் தலையில் நிறுத்துவது அந்தப் பட்டை ஒன்றுதான் என்பதால், தைத்த பட்டையை நான் ஏற்கமாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவும் பட்டையால் தலையில் உறுதியாகக் கட்டியிருப்பதையே கேட்கிறது.

எனவே கேபிளைப் பட்டையில் கோக்காதீர்கள். வைசரைத் தூக்கிவிட்டு, முகத் திறப்பின் வழியே நுழைத்து, கழுத்துத் திறப்பின் வழியே வெளியே எடுத்தால், தாடைப் பகுதி முழுவதும் கேபிளின் வளையத்துக்குள் வந்துவிடும். கவசத்தையே உடைக்காமல் கழற்ற முடியாது. மறுமுனையை வண்டியின் சட்டகத்தைச் சுற்றிப் பூட்டுங்கள். நான்கு திருகுகளில் நிற்கும் கேரியரில் பூட்டினால், திருடன் திருகைக் கழற்றிவிட்டுப் போவான். மெல்லிய கேபிளைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிடலாம் என்பதையும் அறிந்தே பயன்படுத்துங்கள்; அது போகிற போக்கில் கைவைப்பவரைத் தடுக்கும், கருவியோடு வருபவரைத் தடுக்காது. பாதிமுகக் கவசத்தில் தாடைப் பகுதியே இல்லாததால் இந்த முறை அதற்குப் பொருந்தாது; அதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

தொங்கும் கவசம் சைலன்சரைத் தொடக் கூடாது. ஏறத்தாழ 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்த நுரை இளகத் தொடங்கும். மலை ஏறி வந்த வண்டியின் சைலன்சர் அதைவிட வெகுவாகச் சுடும். வெளியே ஓட்டில் ஒரு கறை மட்டும் தெரியும், உள்ளே நுரை சுருங்கியிருப்பது தெரியாது.

கேள்வி (மதுரை): பக்கக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைப்பதுதான் எளிதாக இருக்கிறது. அதில் தவறு உண்டா?

பதில்: உண்டு. கவசத்தின் எடை முழுவதும் கண்ணாடியின் விளிம்பு தொடும் சிறிய இடத்தில் நுரையை அழுத்துகிறது. அங்கே விழும் பள்ளம் மீளாது. ஏனெனில் ஒருமுறை நசுங்கித் தன் வேலையை முடிப்பதற்காகவே உருவாக்கப்பட்ட நுரை அது. உள் துணியும் கிழியும். யாராவது வண்டியை உரசினால் கவசம் கீழே விழும்.

கேள்வி (பொள்ளாச்சி): வால்பாறையில் வண்டியில் பூட்டிவிட்டுப் போனேன். குரங்குகள் கன்னப் பஞ்சை எல்லாம் பிடுங்கிவிட்டன. என்ன வழி, அண்ணா?

பதில்: தம்பி, வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே நிறுத்தினாலும் நாட்டுக்குரங்கு வரும் என்று கொள்ளுங்கள், புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்கும் சாலையோரம் வரும். கேபிள் பூட்டு இங்கே எந்தப் பயனும் தராது. மூடிய பெட்டி அல்லது உங்கள் கை, இரண்டே வழிகள். உள்ளே பிஸ்கட், கையுறை என எதையும் திணித்து வைக்காதீர்கள், அதைத் தேடித்தான் அவை கிழிக்கின்றன. பிடுங்கிய பஞ்சுக்குப் பதிலாக அதே மாதிரிக்கான புதியதை வாங்கிப் பொருத்துங்கள். கன்னம் தளர்ந்தால் கவசம் தலையில் சுழலும். மலைத்தங்கலில் இரவு வெளியே வைத்த கவசத்தைக் காலையில் தட்டி உதறி, உள்ளே பார்த்த பிறகே அணியுங்கள். எறும்பும் தேளும் அதற்குள் ஒதுங்கும்.

கேள்வி (நாகர்கோவில்): மழையில் நனைந்த கவசத்தை டாப் பாக்ஸில் வைக்கலாமா?

பதில்: துடைத்துவிட்டு ஓரிரு மணி நேரம் வைக்கலாம். இரவு முழுவதும் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அறைக்கு எடுத்துச் சென்று, கழற்றக்கூடிய துணிகளைக் கழற்றி, மின்விசிறியின் கீழ் உலர்த்துங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். தனுஷ்கோடி போன்ற கடற்கரையிலிருந்து திரும்பினால் பட்டை வளையத்தையும் வைசர் திருகுகளையும் நல்ல நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்பு அவற்றைத் துருவேற்றும்.

கேள்வி (ஈரோடு): கண்ணாடியில் துணி சுற்றிவிட்டு அதன்மேல் மாட்டலாம் அல்லவா?

பதில்: வேண்டாம். துணி கிழிசலைக் குறைக்கும். எடை விழும் இடத்தை மாற்றாது.

கேள்வி (கோவை): சீட்டின் மேல் வைத்த ஹெல்மெட் தார்ச்சாலையில் விழுந்துவிட்டது. ஒருமுறை விழுந்தாலே தூக்கி எறிய வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

பதில்: பொது விதியாக அது உண்மை அன்று. நுரை நசுங்க வேண்டுமானால் உள்ளிருந்து ஓர் எடை அதை ஓட்டோடு சேர்த்து அழுத்த வேண்டும். விபத்தில் அந்த எடை, ஏறத்தாழ 5 கிலோ உள்ள நம் தலை. காலியாக விழும் கவசத்துக்குள் தலை இல்லை. சீட்டின் உயரமான சுமார் 80 செ.மீ.யிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 4 மீட்டர். ஐரோப்பாவில் முன்பு நடைமுறையில் இருந்த ஈசிஈ 22.05 என்ற தலைக்கவசத் தரச் சோதனையில், தலை போன்ற மாதிரியை உள்ளே வைத்தே நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் மோத விட்டார்கள். 1956இல் கார்ப் பந்தயத்தில் இறந்த பீட் ஸ்னெல் நினைவாக 1957இல் தொடங்கப்பட்டு, இன்றுவரை கவசங்களைச் சோதித்துவரும் ஸ்னெல் அறக்கட்டளையின் கருத்தும், காலியாக ஒருமுறை விழுந்ததற்காகப் பொதுவாக மாற்ற வேண்டியதில்லை என்பதே.

கேள்வி (சென்னை): நீங்கள் சொல்வது ஆபத்தான அறிவுரை. உயிர் விஷயத்தில் ஐயம் இருந்தால் மாற்றச் சொல்வதுதானே முறை?

பதில்: உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் விழுந்த ஒவ்வொரு கவசத்தையும் எறியச் சொன்னால் நடப்பது வேறு. ஐயாயிரம் ரூபாய்க் கவசத்தை எறிந்தவர், அடுத்து மலிவு விலையில் சாலையோரக் கவசம் வாங்குவார். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத கவசத்தை விற்பதே 2021 ஜூன் முதல் குற்றம் என்றாலும், அது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கீறலோடு இருக்கும் நல்ல கவசம் அதைவிட எத்தனையோ மேல்.

கேள்வி (பெங்களூரு): அப்படியானால் ஃபைபர் கண்ணாடி, கார்பன் ஓடுகளுக்கும் இதே பதிலா? அவை ஓரிடத்தில் அடிபட்டாலே உள்ளடுக்கு பிரியும் என்கிறார்களே.

பதில்: இது நல்ல கேள்வி, முந்தைய பதிலுக்கு ஓர் எல்லையும் இடுகிறது. நான் சொன்னது நுரையைப் பற்றி. ஓடு எதனால் ஆனது, எதன்மீது விழுந்தது என்பவை தனியே பார்க்க வேண்டியவை. சமதரையில் உருண்டு விழுந்தது வேறு, நடைபாதைக் கல்லின் கூர்முனையில் விழுந்தது வேறு, ஓடும் வண்டியிலிருந்து விழுந்தது முற்றிலும் வேறு. துணிகளைக் கழற்றி, நுரையில் விரிசலோ பள்ளமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டின் இரு பக்கங்களையும் கையால் மெல்ல அழுத்துங்கள். நெரியும் ஓசை வந்தாலோ, ஓரிடம் மட்டும் இளகியிருந்தாலோ, பெயின்டுக்கு அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். கூர்முனையில் விழுந்த கூட்டிழை (ஃபைபர் கண்ணாடி, கார்பன்) ஓட்டில் எதுவும் தெரியாவிட்டாலும், தயாரித்த நிறுவனம் சோதித்துத் தருமானால் அனுப்புங்கள், தராவிட்டால் மாற்றுங்கள். தலையில் இருந்தபோது அடிபட்ட கவசத்துக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை. அதன் ஆயுள் அன்றோடு முடிந்தது.

கேள்வி (சேலம்): ஒரு கண்ணாடியில் மாட்டாமல் ஹேண்டில்பாரில் மாட்டினால்?

பதில்: மதுரை நண்பருக்குச் சொன்ன பதிலே. எதன் முனையிலும் கவிழ்த்து மாட்டாதீர்கள்.

கேள்வி (தூத்துக்குடி): கவசத்தில் பொருத்திய இன்டர்காம் பழுதானால் எப்படிச் சரிசெய்வது?

பதில்: அது என் துறை அன்று, விற்ற கடையைக் கேளுங்கள். வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள், பேட்டரி கெடும்.

கேள்வி (தஞ்சாவூர்): பின்னால் யாரும் இல்லாதபோது இரண்டாவது ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டோ, கிராஷ் கார்டில் தொங்கவிட்டோ ஓட்டலாமா?

பதில்: இரண்டும் கூடாது. முழங்கையில் தொங்கும் கவசம் திரும்பும்போது டேங்கில் இடித்துக் கையைத் தடுக்கும். கிராஷ் கார்டில் ஆடும் கவசத்தின் பட்டை அவிழ்ந்தால் சக்கரத்தை நோக்கித்தான் போகும். பின் இருக்கையில் வைத்து, முகத் திறப்பின் வழியே வலைக்கயிற்றைக் கோத்து, இரு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): வண்டியை ரயில் பார்சலில் அனுப்பும்போது ஹெல்மெட்டை வண்டியோடு சேர்த்துக் கட்டி அனுப்பலாமா?

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. டேங்கிலுள்ள பெட்ரோலை வடித்த பிறகே வண்டியை ஏற்றுவார்கள். வடித்தபின்னும் மிஞ்சும் துளிகள், மேலே அடுக்கும் மூட்டைகள், இறக்கும்போது படும் இடி எல்லாம் கவசத்தின்மேல் விழும். கையோடு எடுத்துச் செல்லுங்கள். இறங்கும் ஊரில் வண்டியை எடுத்ததும் உங்களுக்கு அது வேண்டும்.