விடியக்காலையில் முதுகு இறுகும் குதிரைக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கலாமா?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சீசனில் கடற்கரையில் ஆட்களை ஏற்றி நடத்துகிற 12 வயதுப் பெண் குதிரை, ஒரு மாதமாக விடியக்காலையில் முதுகு இறுகி, பின்கால்களை எட்டி வைக்காமல் குறுக்கிக் குறுக்கி வைக்கிறதாம், கொஞ்ச நேரம் நடந்தால் இளகிவிடுகிறதாம். வீக்கம் இல்லை, நொண்டவும் இல்லை. சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கலாமா, பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கொண்டுபோய் வார்த்தால் இன்னும் நல்லதா என்கிறார்.

ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம் தம்பி. நாள்பட்ட, நடக்க நடக்க விட்டுக்கொடுக்கிற இறுக்கத்துக்குத்தான் சூடு. தோலுக்குக் கீழே இரத்தக்குழாய்கள் விரியும், இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் தசை கொஞ்சம் தளரும், நோவும் குறையும். ஆனால் நேற்றுக் கால் பிசகியது, இன்று வீங்கித் தொட்டால் கொதிக்கிறது என்றால் அந்த இடத்தில் சூடு வைக்கவே கூடாது, வீக்கம் கூடிவிடும். முதல் இரண்டு மூன்று நாளைக்குக் குளிர்தான். புறங்கையால் முதுகின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் ஒத்தடம் வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சலும் பார்க்க வேண்டும்: வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை சரி, அதைத் தாண்டினால் ஒத்தடத்தை விட்டுவிடுங்கள். புண் இருக்கிற இடத்திலும் வேண்டாம்.

கன்னியாவுக்குக் கொண்டுபோக வேண்டாம். அது இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கிய இடம் என்று நம்பிச் சனம் வந்து கடன் கழிக்கிற இடம், அந்த ஏழு கிணறுகளும் சின்னக் கிணறுகள், வாளியால் அள்ளித்தான் வார்க்க வேண்டும். அது ஒரு பக்கம் இருக்க, அவ்வளவு தூரம் வெயிலில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்குள் இளகினதெல்லாம் மறுபடி இறுகிவிடும்.

வீட்டில் செய்வது சுகம். இரண்டு தடித்த துவாய், ஒரு வாளி சுடுதண்ணி போதும். தண்ணி 45 பாகைக்கு மேல் போகக்கூடாது. வெப்பமானி இல்லாவிட்டால், குழந்தைக்கு வார்க்கும்போது முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அதைவிட ஒரு படி கூடவாக இருக்கலாம், ஆனால் முழங்கையை எடுக்காமல் வைத்திருக்க முடிய வேண்டும். துவாயை நன்றாகப் பிழிந்து முதலில் உங்கள் முன்கையில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள், அப்புறம் குதிரைக்கு. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற தசை இருக்கிறதே, சேணம் அழுத்துவதும் அதன்மேல்தான், அங்கே போட்டு மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் காய்ந்த சாக்கும் மூடுங்கள். சில நிமிடத்தில் ஆறிவிடும், மற்றத் துவாயை மாற்றுங்கள். எல்லாமாக 15, 20 நிமிடம். ஈரச்சூடுதான் மயிருக்குள்ளால் தோலுக்குப் போகும், காய்ந்த சூட்டை மயிர் மறித்துவிடும். அதனால்தான் சிலர் சூடு ஏறவில்லை என்று கூட்டிக் கூட்டி வைத்துச் சுட்டுவிடுகிறார்கள். சுட்ட செங்கல்லைச் சாக்கில் சுற்றி வைத்த ஒரு குதிரையைப் பார்த்தேன், ஒரு கிழமையில் அந்தச் சதுர அளவுக்கு மயிர் உதிர்ந்து, பிறகு வெள்ளையாக முளைத்தது. கற்பூரம், மெந்தோல் போட்ட தைலம் பூசிவிட்டு மேலே ஒத்தடம் வைக்கவும் கூடாது, தோல் பொங்கிவிடும்.

குதிரையின் முகத்தைப் பாருங்கள். தலை மெல்லத் தாழ்ந்து, கீழுதடு தொங்கி, வாயை மெல்லுகிற மாதிரி அசைத்தால் சுகமாக இருக்கிறது. தோல் துடித்தால், வாலை அடித்தால், காதைப் பின்னுக்கு மடக்கினால் உடனே எடுங்கள்.

வெளியில் வைக்கிற சூடு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் இறங்கும். பின்பக்கத் தசையோ நாலு விரற்கடையை விடத் தடிப்பு, அதைச் சூடாக்குவது நடைதான். ஒத்தடம் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். ஈரத்தைத் துடைத்த கையோடு பத்து நிமிடம் கட்டாந்தரையில் கையால் பிடித்து நடத்துங்கள், உடனே சேணம் வேண்டாம். இதெல்லாம் வெயில் ஏறமுதல், கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆறு மணிக்கு முன்னமே முடிய வேண்டும். பின்னேரம் வேலை முடிந்து வியர்த்து நிற்கிறபோது சூடு கூடவே கூடாது, அப்போது கடலில் முழங்கால் அளவுக்கு நிறுத்தி, பிறகு நல்ல தண்ணியால் உப்பைக் கழுவிவிடுங்கள், உப்புக் காய்ந்த முதுகில் சேணம் உராய்ந்தால் புண் வரும்.

இன்னொன்று, எனக்கு ஒத்தடத்தைவிட இதில்தான் கவலை. சேணத்தை எடுத்துவிட்டு, பிடரி முடிகிற மேட்டின் இரண்டு பக்கமும் புதிதாக வெள்ளை மயிர் முளைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் சேணம் நசிக்கிறது, அதை மாற்றாமல் எவ்வளவு ஒத்தடம் கொடுத்தாலும் அடுத்த நாள் அதே இறுக்கம்தான். பொதுபொதுத்த மணலில் நாள் முழுக்க ஆள் சுமப்பதும் முதுகுக்குப் பெரிய வேலை, அலை நனைத்த இறுகின மணலில் நடத்துங்கள், சவாரியையும் கொஞ்ச நாளைக்குக் குறையுங்கள்.

இரண்டு கிழமை செய்தும் மாற்றம் இல்லாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஆனால் வேலைக்கு நடுவில் திடீரென்று நின்று, வியர்த்துக் கொட்டி, பின்தொடை கல்லுமாதிரி இறுகி, மூத்திரம் கோப்பி நிறத்தில் போனால் அது தசை சிதைகிற நோய். ஒரு அடிகூட நடத்தாமல், ஒத்தடமும் கொடுக்காமல், நிழலில் நிறுத்திக் குடிக்கத் தண்ணி வைத்து, அந்த நேரமே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.