பேலஸ்னு போர்டு, பார்த்தா வீடு!

கேள்வி: லண்டன்ல இருக்கற பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். கியூ கார்டன்ஸ்ல சுத்தறப்ப செக்கச்செவேல்னு ஒரு செங்கல் வீடு, போர்டுல 'கியூ பேலஸ்'னு போட்டிருக்கு. அரண்மனைன்னா இத்துணூண்டா? மாப்பிள்ளை வேற அதை 'டச்சு ஹவுஸ்'ங்கறார். எது சரி? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ரெண்டுமே சரிதாம்மா, ஆனா கட்டினப்ப அது அரண்மனையும் இல்ல, கட்டினவர் டச்சுக்காரரும் இல்ல. சாமுவேல் ஃபோர்ட்ரேன்னு ஒரு லண்டன் வியாபாரி, ஃப்ளாண்டர்ஸ் (இன்னிக்கு பெல்ஜியம் இருக்கற பகுதி) பக்கத்துலேர்ந்து வந்த பரம்பரை, 1631ல தனக்காகக் கட்டிக்கிட்ட வீடு அது. சிட்டிக்குள்ள நெரிசல், புகை, கொள்ளைநோய் பயம், அதனால கையில காசு புரண்டவங்க தேம்ஸ் கரையோரமா ஊருக்கு வெளில இடம் பார்த்தாங்க, கியூவுக்குப் படகுலயே வந்து இறங்கிடலாம், பக்கத்து ரிச்மண்ட்ல ராஜா அரண்மனை வேற இருந்துச்சு, அந்தஸ்துக்கு அந்தஸ்தும் ஆச்சு. வாசலுக்கு மேல பார்த்தீங்களா, தெரியல. அடுத்த தடவை போனா அண்ணாந்து பாருங்க, செங்கல்லயே செதுக்கி 1631னு வருஷம், புருஷன் பொண்டாட்டி பேரோட முதல் எழுத்துங்க, அதுங்களைச் சேர்த்து ஒரு காதல் முடிச்சு! பொண்டாட்டி பேரு கேதரீன். கல்யாணப் பத்திரிகையில போடற மாதிரி வீட்டு நெத்தியில போட்டிருக்கார் மனுஷன்.

'டச்சு'ங்கற பேரு உச்சியில இருக்கற அந்த மூணு வளைஞ்ச முகப்பால வந்தது. கேபிள்னு சொல்வாங்க, நெளிஞ்சு நெளிஞ்சு மேல ஏறி உச்சியில குட்டியா ஒரு பெடிமென்ட் தொப்பி வெச்சிருக்கும், நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் தெருத்தெருவா பார்க்கலாம். ஆனா அது அப்ப லண்டன் வியாபாரிங்க நடுவுல ஓடின ஃபேஷன், பரம்பரைப் பாசம் மட்டும் காரணம்னு நான் நம்பல. ராஜாவோட ஆர்க்கிடெக்ட் இனிகோ ஜோன்ஸ் அதே காலத்துல கிரீனிச்ல இத்தாலி பாணியில வெள்ளையா வழவழன்னு குவீன்ஸ் ஹவுஸ் கட்டிட்டிருந்தார், கணக்குப் பிசகாத அளவு, தேவையில்லாத ஒரு வளைவு கிடையாது. சிட்டி மேஸ்திரிங்களுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஒத்துவரல, தூண், வளைவு, முக்கோணம்னு புஸ்தகத்துல பார்த்த எல்லாத்தையும் ஒரே சுவத்துல ஏத்திட்டாங்க. எனக்கென்னவோ மேஸ்திரிங்க வேலைதான் பிடிக்கும், பார்த்துட்டே நிக்கலாம்.

பேலஸ் ஆன கதை சின்னது. 1728 வாக்குல கரோலின் ராணி பொண்ணுங்களுக்காக லீஸுக்கு எடுத்தாங்க, 1781ல மூணாம் ஜார்ஜ் வாங்கிட்டார். பக்கத்துல இருந்த பெரிய வெள்ளை மாளிகையை 1802ல இடிச்சுட்டாங்க, இந்த வியாபாரி வீடு தப்பிச்சுது.

கேள்வி: டிப்ளமா சிவில் படிக்கிறேன். ஃப்ளெமிஷ் பாண்டுக்கு புக்ல படம்தான் இருக்கு, நிஜக் கட்டிடம் ஒண்ணு சொல்லுங்களேன். (மாணவர், சேலம்)

பதில்: நல்ல நேரத்துல கேட்டீங்க தம்பி, மேல சொன்ன வீடேதான். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: சுவர்ல செங்கல்லை அடுக்கற முறைதான் பாண்டு, செங்கல்லோட நீளப்பக்கம் வெளில தெரிஞ்சா ஸ்ட்ரெச்சர், குட்டைப்பக்கம் தெரிஞ்சா ஹெட்டர். இங்கிலீஷ் பாண்டுல ஒரு வரிசை முழுக்க ஸ்ட்ரெச்சர், அடுத்தது முழுக்க ஹெட்டர். ஃப்ளெமிஷ்ல ஒவ்வொரு வரிசையிலயும் ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு மாத்தி மாத்தி வரும். இங்கிலாந்துல இது அப்ப புதுசு, கியூ வீடு அதுக்கு ஆரம்பகால உதாரணங்கள்ல ஒண்ணு. இன்னொண்ணும் கவனிங்க, அந்த முகப்புல தூண், கார்னிஸ் (சுவர்லேர்ந்து வெளில நீட்டற விளிம்பு), ஜன்னல் மேல வளைவு எல்லாமே செங்கல்தான், மிருதுவான செங்கல்லா பார்த்து அறுத்து, தேய்ச்சு, வடிவத்துக்குக் கொண்டு வந்து மெல்லிசா சுண்ணாம்புச் சாந்துல ஒட்டுவாங்க, சாந்துக்கோடு தெரியறதே கஷ்டம். நம்மாளுங்க ஒரு இஞ்சுக்கு சிமென்ட் அப்பிட்டு பூசிட்டா தெரியாதுங்கறாங்களே, அவங்களை அங்க ஒரு நாள் நிக்க வைக்கணும்.

கேள்வி: கும்பகோணத்துலேர்ந்து மறுபடி நான்தான், கடிதத்துல விட்டுப்போச்சு. 400 வருஷ வீடு எப்படி நேத்து பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு? உள்ள போகலாமா?

பதில்: நேத்து இல்ல, கொஞ்சம் முன்னாடி. 1996லேர்ந்து 2006 வரைக்கும் ரிப்பேர் நடந்துச்சு, அப்ப சுவத்துல பழைய பூச்சு ஒட்டிட்டிருந்தது கிடைச்சுது, சுண்ணாம்புல காவி கலந்து அடிச்சது. அதே மாதிரி திரும்ப அடிச்சிருக்காங்க. செங்கல் வீட்டுக்கு எதுக்கு செங்கல் கலர்னு தோணும், கல்லுங்க ஒவ்வொண்ணும் ஒரு நிறமா இருக்கும் இல்லையா, காவி அடிச்சா சுவர் ஒரே நிறமாயிடும், சொரசொரப்பும் அடங்கிடும். ஜன்னல்தான் ஏமாத்தும், இப்ப இருக்கற மேல தூக்கற சாஷ் ஜன்னல் 18ஆம் நூற்றாண்டு வேலை, ஃபோர்ட்ரே காலத்துல சிலுவை மாதிரி குறுக்குச் சட்டம் போட்டதுதான் இருந்துச்சு.

உள்ள போகலாம், வெயில் காலத்துல திறப்பாங்க, கார்டன் டிக்கெட்டே போதும். நடுவுல நடை, ரெண்டு பக்கமும் முன்னொண்ணு பின்னொண்ணா ரூம், அரண்மனைக்குரிய நீள ஹால் எதுவும் கிடையாது. அடித்தளத்துல வளைவுக் கூரை போட்ட அறை அதுக்கும் முந்தின 16ஆம் நூற்றாண்டு வீட்டோடது. மாடியில ராணி ரூம்ல சுதை வேலைக் கூரை இருக்கு, அதுல ஐம்புலன்களை உருவமா வெச்சிருக்காங்க, கழுத்து வலிச்சாலும் பாருங்க. 1818 ஜூலையில மூணாம் ஜார்ஜோட மனைவி, உடம்பு முடியாத ஷார்லட் ராணிக்காக அவங்க ரெண்டு பிள்ளைங்க கல்யாணத்தை அங்கயே நடத்தினாங்க, நவம்பர்ல ராணி அதே வீட்டுல காலமானாங்க. அதுக்கப்புறம் ராஜ குடும்பம் அங்க குடியிருக்கல. ரெண்டாவது மாடிக்கு ஏறாம வந்துடாதீங்க, இளவரசிங்க ரூமை பூசி மெழுகாம அப்படியே விட்டிருக்காங்க, பிளாஸ்டர் உதிர்ந்த இடத்துல உள்ள இருக்கற மரப்பட்டி தெரியும்.