ஸ்விஃப்ட் காரில் ஆம்ப்ளிஃபையரை முன் சீட்டுக்கு அடியில் பொருத்துவதா, டிக்கியில் பொருத்துவதா?

ஸ்டீரியோவின் ஒலியைப் பெருக்கி நான்கு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர் வாங்கிவிட்டீர்கள். சீட்டுக்கு அடியில் வைத்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் ஓடும் வண்டி என்றும் சொல்லியிருப்பதால் தயங்காமல் சொல்கிறேன்: டிக்கியின் பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாணாவது உயரத்தில் பொருத்துங்கள்.

நான் வேளச்சேரியில் இருக்கிறேன். என் ஆம்ப்ளிஃபையர் மூன்று ஆண்டுகள் இடப்பக்க முன் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. ஒரு குறையும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வண்டிக்குள் நான்கு விரல் உயரத்துக்குத்தான் தண்ணீர் ஏறியது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, சீட்டின் மெத்தைகூட நனையவில்லை. ஆம்ப்ளிஃபையரை வெளியே எடுத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே சர்க்யூட் பலகையின் குறுக்கே வண்டல் படிந்து, பென்சிலால் கோடு போட்டதுபோல் இருந்தது. பேட்டரி ஒயர் வந்து சேரும் திருகில் பச்சைப் பாசிபோல் களிம்பு ஏறியிருந்தது. சாவியை எடுத்துவிட்டாலும் அந்த ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் தண்ணீரில் மூழ்கிய நேரம் முழுவதும் செம்பு அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெள்ளம் வராத ஊரிலும் நனைந்த குடையும் செருப்பும் கார்ப்பெட்டில்தான் வடிகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

சீட்டுக்கு அடியிலேதான் வைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், சீட்டை முன்னும் பின்னும் முழுக்கத் தள்ளிப் பார்த்து, தண்டவாளத்தில் எதுவும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே மஞ்சள் நிறக் கனெக்டர் ஏதும் இருந்தால் யாரையும் தொட விடாதீர்கள். ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் போகும் ஒயர்களை அந்த நிறத்தில்தான் அடையாளப்படுத்துவார்கள்.

டிக்கி என்றதும் பேட்டரியிலிருந்து வரும் ஒயர் நீளமாகும், சத்தம் குறையும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மீட்டர் ஒயரில் 40 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கேஜ் என்பது ஒயரின் தடிமன் அளவு; எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும். 8 கேஜ் செம்பு ஒயரில் ஏறக்குறைய 0.4 வோல்ட் இழப்பு. 4 கேஜில் 0.16 வோல்ட்தான். நல்ல 4 கேஜ் ஒயர் போட்டால் நீளம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அது முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர்தான் மலிவாகக் கிடைக்கிறது; முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளை, பேட்டரி ஒயர் போகாத மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி ஏறிக்கொண்டே போகலாம்.

டிக்கியிலும் இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். சப்ஊஃபர் எனும் கனத்த ஒலி ஸ்பீக்கர் இருக்கும் பெட்டியின் மேலேயே திருகிவிடுவது வழக்கம். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் பாட்டு ஓடும்போதெல்லாம் அந்தப் பெட்டி அதிரும். ஓராண்டு அதிர்ந்தால் திருகு தளரும், சர்க்யூட் பலகையில் ஈயப் பற்றவைப்பு விடும். பின் சீட்டின் முதுகும் வேண்டாம். சீட்டை மடக்கும்போதெல்லாம் ஒயர் மடங்கி நிமிரும். டிக்கியை மூடும் மேல் தட்டுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் சூடு மேலே எழும்பி மறுபடியும் பலகையையே தாக்கும்.

நம் ஊரில் சூட்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும். சித்திரை வெயிலில் கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் 60 டிகிரி எளிதாக வந்துவிடும். கிளாஸ் ஏபி வகை ஆம்ப்ளிஃபையர் தான் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு அருகில் சூடாகவே வெளியே விடுகிறது. கிளாஸ் டி வகை ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் விடும். உங்களுடையது ஏபி என்றால் நான்கு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி கட்டாயம். சுவரில் பொருத்தும்போது, அதன் முதுகில் உள்ள உலோக வரிகள் மேலும் கீழுமாக நிற்கட்டும். சூடான காற்று வரிகளின் வழியே ஏறிப்போய்விடும்.

ஆம்ப்ளிஃபையரிலிருந்து வண்டியின் தகட்டுக்குப் போகும் எர்த் ஒயரும் 45 சென்டிமீட்டருக்குள் முடிய வேண்டும். முனை உட்காரும் இடத்தில் உப்புத்தாளால் பெயின்டைத் தேய்த்து, தகடு பளபளவென்று தெரிந்த பிறகே போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். அதன் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு அண்டாது. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்க விடாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட்.

இப்போது என் வண்டியில், 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை அளவாக வெட்டிச் சுவரில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே ரப்பர் வாஷரோடு முடுக்கி, அதன் மேல் ஆம்ப்ளிஃபையரை வைத்திருக்கிறேன். தகட்டில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. உங்களுக்குத் துளை போட்டே ஆக வேண்டும் என்றால், டிரில்லைக் கையில் எடுக்கும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து மறுபுறம் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹேட்ச்பேக் கார்களில் பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கச் சுவருக்குள்தான் குழாய் இறங்கும். அதனால் டிக்கியில் அதற்கு எதிர்ப்பக்கச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.