ஜகா வாங்கினால் ‘கோல்ட் ஃபீட்’

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் எடுக்கிறேன். ஐம்பது ஆங்கில இடியம்ஸ் (மரபுத்தொடர்கள்) எழுதிக் கொடுத்தேன், கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். பேசும்போது ஒன்றுகூட வாயில் வருவதில்லை. பேச்சுவாக்கிலேயே சொல்லிக்கொடுக்க வழி உண்டா?

அந்த லிஸ்ட்டை மூட்டை கட்டி வையுங்கள். இப்போது ‘மூட்டை கட்டி’ என்றேனே, இதன் அர்த்தத்தை உங்களுக்கு யாரும் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள், யாரோ எரிச்சலில் சொன்னதைக் காதில் வாங்கித்தான் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆங்கில இடியமும் அப்படித்தான் ஒட்டும், விஷயம் நடக்கிற நிமிஷத்திலேயே காதில் விழ வேண்டும்.

பிள்ளைகளிடம் ஏற்கெனவே சரக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு வருகிறேன் என்றவன் காலையில் போனையே எடுக்கவில்லை என்றால் ‘ஜகா வாங்கிட்டான்’ என்பார்கள் இல்லையா, அந்தச் சூட்டோடு ‘ஹி காட் கோல்ட் ஃபீட்’ என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுங்கள். விளக்கம் வேண்டாம். அடுத்த வாரம் வேறொருவன் ஜகா வாங்குவான், கவலைப்படாதீர்கள்.

வடசென்னையில் இன்னொரு வசதி குத்துச்சண்டை. அடி தாங்காத வீரருக்காக அவருடைய பயிற்சியாளர் ரிங்குக்குள் துண்டை வீசினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், ‘த்ரோ இன் தி டவல்’ அங்கிருந்து வந்ததுதான். கணக்கு வரவில்லை என்று ஒருவன் நோட்டை மூடும்போது ‘டோன்ட் த்ரோ இன் தி டவல்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் காலத்துக் குத்துச்சண்டையில் விழுந்தவரை எண்ணி முடிப்பதற்குள் ரவுண்டு மணி அடித்துவிட்டால் அவர் தப்பித்துவிடுவார். கேள்விக்கு முழித்துக்கொண்டிருக்கும் பெண்ணை அவள் அம்மா கீழேயிருந்து கூப்பிட்டால் அதுவும் ‘சேவ்ட் பை தி பெல்’தான்.

ஒரு இடத்தில் மட்டும் உஷார். ‘புல்லிங் மை லெக்’ என்பது நம் ‘காலை வாருவது’ போலவே கேட்கும், ஆனால் நமக்கு அது துரோகம், ஆங்கிலத்தில் வெறும் கலாய். அதனால் அதைக் ‘கலாய்க்காதே’ பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆளும் காலமும் மாறலாம், ‘ஹி புல்ட் ஹெர் லெக்’ என்றால் சரிதான். ‘லெக்ஸ்’ என்று பன்மையாக்கினால் போச்சு. (‘கோல்ட் ஃபீட்’டில் பார்த்தால் இரண்டு காலும் வேண்டும். கேட்டால் மொழி வழக்கு என்பார்கள்.)

கொட்டுகிற மழைக்குச் சொல்லும் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ உங்கள் லிஸ்ட்டில் முதலில் இருக்கும், விட்டுவிடுங்கள், இப்போது அது பழைய வாசனை அடிக்கிறது.

லிஸ்ட் மீது எனக்கு ஏன் இந்தக் கோபம் என்றால், என் மாணவன் ஒருவன் நாலு நாள் லீவுக்குப் பிறகு வந்து, கண் கலங்கி, ‘சார், மை தாத்தா கிக்ட் தி பக்கெட்’ என்றான். லிஸ்ட்டில் ‘இறந்தார்’ என்றுதான் போட்டிருந்தது. ‘எங்க தாத்தா மண்டையைப் போட்டுட்டார்’ என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது என்று அன்றைக்கு அவனிடம் எப்படிச் சொல்வது?