ஜன்னல் வழியே வெளியே!

கேள்வி: ஒரு கட்சித் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கியதைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் வந்த கட்டுரையில் 'டீஃபெனஸ்ட்ரேஷன்' என்று ஒரு சொல் இருந்தது. 'டிஃபென்ஸ்' சம்பந்தப்பட்டது என்று நினைத்துப் படித்தால் அர்த்தம் ஒட்டவே இல்லை. இதை எப்படி எழுதுவது, என்ன பொருள், எங்கிருந்து வந்தது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: டிஃபென்ஸுக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவதற்குத்தான் இந்தப் பெயர். ஆமாம், அதற்கென்றே ஒரு தனிச்சொல்!

முதலில் எழுத்து. மொத்தம் 14. டி, இ, எஃப், இ, என், இ, எஸ், டி, ஆர், ஏ, டி, ஐ, ஓ, என். முதலில் வருவது 'டாக்டர்' டி, பின்னால் வரும் இரண்டும் 'டீச்சர்' டி (தமிழில் எழுதினால் இந்தச் சங்கடம் எப்போதும் உண்டு). எல்லோரும் வழுக்கி விழும் இடம் நடுவில் வரும் மூன்றாவது 'இ'. காதில் அது தெளிவாக விழாததால் அங்கே 'ஐ' போட்டுவிடுகிறார்கள். மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் பார்த்தால் சுலபம். லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் ஜன்னல். முன்னால் 'டி, இ' சேர்த்தால் 'அதிலிருந்து வெளியே' அல்லது 'கீழே' என்று ஆகிறது, கடைசியில் 'ஸ்டேஷன்', 'நேஷன்' எல்லாவற்றிலும் வருகிற அதே வால். அவ்வளவுதான். ஃபெனஸ்ட்ராவை ஒருமுறை சரியாக எழுதப் பழகிவிட்டால் மீதி தானாக வந்துவிடும். சிவில், ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகளுக்கு 'ஃபெனஸ்ட்ரேஷன்' தெரிந்திருக்கும், கட்டடத்தில் ஜன்னல்களும் திறப்புகளும் அமைக்கும் முறை அது. காது டாக்டர்களுக்கும் தெரியும், உள்காதில் இருக்கும் நுண்ணிய திறப்புக்கு 'ஃபெனஸ்ட்ரா' என்றுதான் பெயர்.

சரி, இப்படி ஒரு சொல் எதற்குத் தேவைப்பட்டது? செக் நாட்டுத் தலைநகர் பிராக்தான் காரணம். அந்த ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பழக்கமாகவே இருந்திருக்கிறது. சமயச் சீர்திருத்தம் பேசிய ஜான் ஹஸ் என்ற பாதிரியாரை 1415இல் உயிரோடு எரித்தார்கள். கொதித்துப்போன அவருடைய ஆதரவாளர்கள் 1419 ஜூலை 30 அன்று ஊர்வலமாக நகர மன்றத்துக்குப் போய், சிறையிலிருக்கும் எங்கள் ஆட்களை விடு என்று கேட்டார்கள். மேலேயிருந்து யாரோ கல் எறிந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் என்ன, உள்ளே புகுந்து நகர மன்றத்தாரை ஜன்னல் வழியாகத் தள்ளினார்கள். கீழே ஆயுதங்களோடு கூட்டம் காத்திருந்தது, விழுந்தவர்கள் பிழைக்கவில்லை. அடுத்த மாதமே அரசர் நான்காம் வென்சஸ்லாஸும் இறந்துபோனார், செய்தி கேட்ட அதிர்ச்சியில் என்று பேச்சு.

ஆனால் உலகப் புகழ் பெற்றது 1618 மே 23 சம்பவம். புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்து 1609இல் ஒரு சாசனம் எழுதப்பட்டிருந்தது. அதை மீறிக் கத்தோலிக்கத் தரப்பு அவர்களுடைய ஒரு தேவாலயத்தை மூடியது, இன்னொன்றை இடித்தது. ஆத்திரப்பட்ட புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் பிராக் கோட்டைக்குள் போய், அரசரின் பிரதிநிதிகளாக இருந்த ஸ்லவாடா, மார்டினிட்ஸ் இருவரையும் ஒரு விசாரணை மாதிரி நடத்திவிட்டுத் தூக்கி எறிந்தார்கள். ஸ்லவாடா ஜன்னல் விளிம்பைப் பிடித்துத் தொங்க, வாள்பிடியால் விரல்களில் அடித்துக் கையை விடவைத்தார்கள். கூடவே, ஃபாப்ரிசியஸ் என்ற செயலரையும் தள்ளிவிட்டார்கள், பாவம், அவர் வெறும் எழுத்தர் வேலை பார்த்தவர்.

சுமார் 70 அடி உயரம். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள்! மாதா தாங்கிப் பிடித்தாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு, சாணக் குவியலில் போய் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. கோட்டைச் சுவர் அடியில் சரிந்திருந்ததும் அவர்கள் போட்டிருந்த கனத்த அங்கிகளும் உதவியிருக்கும் என்பது என் கட்சி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபாப்ரிசியஸின் பிற்கால வாழ்க்கை. வியன்னாவுக்கு ஓடிப்போய்ப் பேரரசரிடம் நடந்ததைச் சொன்னார், பின்னால் அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது, பட்டத்தின் பெயர் 'ஃபான் ஹோஹன்ஃபால்', அதாவது 'உயரமான வீழ்ச்சி' ஊர்க்காரர்! கேலியா மரியாதையா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தள்ளிவிட்டவர்கள் கதை அப்படி முடியவில்லை. 1620இல் பிராகுக்கு வெளியே வெள்ளை மலைப் போரில் தோற்றார்கள், 1621 ஜூனில் அவர்களின் தலைவர்கள் 27 பேர் பழைய நகரச் சதுக்கத்தில் கொல்லப்பட்டார்கள். இன்றைக்கும் அங்கே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். ஐரோப்பாவையே சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போர் 1648 வரை நடந்தது. இதெல்லாம் ஒரு ஜன்னலில் தொடங்கியது என்றால் மிகை, மூட்டம் ஏற்கெனவே இருந்தது, ஆனால் தீக்குச்சி அங்கேதான் உரசப்பட்டது.

நீங்கள் படித்த கட்டுரையில் யாரையும் மாடியிலிருந்து எறியவில்லை. பதவியிலிருப்பவரைச் சொந்தக் கட்சிக்காரர்களே திடீரென்று தூக்கி வெளியே போடுவதற்கும் இன்று இந்தச் சொல்தான். முரட்டு வேலைக்கு லத்தீன் சொல்லின் கோட்டும் சூட்டும் மாட்டிவிட்ட நையாண்டி அதில் இருக்கிறது. ஆகவே, ராஜினாமா செய்துவிட்டு அமைதியாகப் போனவருக்கு இதைப் போடாதீர்கள்.

கேள்வி: பிராகில்தான் முதலில் நடந்ததா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: எங்கே! பைபிள் வாசிப்பவர்களுக்கு இஸ்ரவேல் ராணி யேசபேல் நினைவுக்கு வருவாள். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், 9ஆம் அதிகாரம். ஆட்சியைப் பிடித்த படைத்தலைவன் யெகூ வருகிறான் என்று தெரிந்து கண்ணுக்கு மையிட்டு, தலையைச் சிங்காரித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், அவன் சொல்ல அவளுடைய ஆட்களே தள்ளிவிடுகிறார்கள். பிராகிலும் கதை 1618உடன் முடியவில்லை. 1948 மார்ச் 10 அன்று வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக், அமைச்சக மாளிகையின் முற்றத்தில், தன் குளியலறை ஜன்னலுக்கு நேர் கீழே இறந்து கிடந்தார். கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. தானே குதித்தாரா, தள்ளினார்களா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

கேள்வி: 'ஜன்னல்' தமிழ்ச்சொல்லா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இல்லை, போர்ச்சுக்கீசியர் கொடுத்தது, 'ஜனேலா'. சாவி, மேசை, அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. ஜனேலாவுக்கு மூலம் லத்தீனில் வாசலைக் குறிக்கும் சொல், அது வாசல் தெய்வமான ஜானஸோடு உறவு. அந்த ஜானஸ் பெயரில்தான் ஜனவரி மாதமும், ஆக ஜன்னலும் ஜனவரியும் தூரத்துச் சொந்தம். ஆங்கிலேயர்களும் 16ஆம் நூற்றாண்டு வரை 'ஃபெனஸ்டர்' என்ற சொல்லையும் வைத்திருந்தார்கள். அதை ஓரங்கட்டிய 'விண்டோ' வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது, நேர்ப்பொருள் 'காற்றுக்கண்'. நம்மிடமும் இதே கற்பனை உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, 'காலதர்' என்றால் ஜன்னல். சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளைச் சொல்லும்போது 'மான்கட் காலதர்' என்கிறது, மானின் கண் போன்ற ஜன்னல்! பலகணியிலும் கண்தான் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் 'டீஃபெனஸ்ட்ரேஷ'னுக்குத் தமிழில் ஒரு சொல் உருவாக்கலாமே, 'காலதரெறிவு' மாதிரி? (அதே வாசகர்)

பதில்: தாராளமாக உருவாக்குங்கள், ஆனால் எங்கே பயன்படுத்துவீர்கள்? கழுவேற்றுவதற்கும் யானைக்காலில் இடறவைப்பதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது, ஏனென்றால் அதையெல்லாம் செய்தார்கள். இது நம் ஊரில் நடக்காத காரியம். நம் வீட்டு ஜன்னலில் கம்பி இருக்கிறதே ஐயா!